முதல் சாக்கே கிண்ணம்: எடுத்துப் பார்ப்பதும் வாங்குவதும் பழக்குவதும்

கைக்குள் அடங்கிவிடும் ஒரு மண் கிண்ணம். விலைச்சீட்டில் 8,000 யென் என்று போட்டிருக்கிறது. நம் கணக்கில் 4,000 ரூபாய்க்கு மேல். அதே தெருவில் இருக்கும் 100 யென் கடையிலும் ஜப்பானிய மதுவான சாக்கே குடிக்கும் கிண்ணம் கிடைக்கிறது. அதிலும் சாக்கே ஒழுகாமல்தான் நிற்கிறது. அப்புறம் எதற்கு இந்த விலை? ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ சுற்றிப் பார்க்கவோ போகிறவர்களில் பலர் இந்தக் கேள்வியோடு கடையை விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.

பதில் பெரும்பாலும் கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. அலமாரியில் நிற்கிற கிண்ணத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. எடுத்து, எடை பார்த்து, விளிம்பைத் தடவி, தலைகீழாகத் திருப்பிப் பார்க்கப் பழகிவிட்டால், 8,000 கொடுக்கலாமா வேண்டாமா என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அந்தப் பழக்கத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. குடிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இந்தக் கிண்ணங்களில் கெட்டியான பச்சைத் தேநீர் குடிப்பவர்கள் ஜப்பானிலேயே உண்டு.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாக்கே என்பது அரிசியை நொதிக்க வைத்துச் செய்யும் மது. பெரும்பாலும் 15, 16 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். சின்னச் சின்ன வாயாகக் குடிக்க வேண்டியது என்பதால்தான் கிண்ணமும் சிறியது.

கடைகளில் இரண்டு பெயர்களை அடிக்கடி கேட்பீர்கள். இரண்டு மூன்று வாய் மட்டும் பிடிக்கிற குட்டிக் கிண்ணம் ஒச்சோக்கோ. அதைவிடப் பெரியது, ஆழமானது, கையில் நிறைந்து உட்காருவது குயிநோமி. இரண்டுக்கும் நடுவே கறாரான அளவுகோல் எதுவும் கிடையாது. கையால் வனைகிறவர்கள் தங்கள் திறமையைக் காட்டுவது பெரும்பாலும் குயிநோமியில்தான். நாம் பேசப்போவதும் அதைப் பற்றியே. தட்டையாக, சிறு தட்டு போல இருப்பது சகாசுக்கி. திருமணச் சடங்கில் மணமக்கள் குடிப்பது அதில்தான். சாக்கேயை ஊற்றி வைக்கும் கழுத்துக் குறுகிய குடுவை தொக்குரி. வாயில் மூக்கு வைத்த ஊற்றுக் கிண்ணம் கத்தாகுச்சி.

உள்ளே அடியில் இரண்டு நீல வட்டங்கள் போட்ட வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றையும் எங்கும் பார்ப்பீர்கள். அது சாக்கே தயாரிக்கும் இடங்களில் ருசி பார்க்கிறவர்களின் கருவி. வெள்ளையில் சாக்கேயின் நிறம் தெரியும், நீல வட்டத்தின் ஓரம் தெளிவாகத் தெரிகிறதா என்பதை வைத்துக் கலங்கலைக் கண்டுபிடிப்பார்கள். முறையான அளவில் செய்தது 180 மில்லி பிடிக்கும். நினைவுப் பொருளாக வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதன் வேலை வேறு.

எந்த ஊர்க் கிண்ணம் என்று பார்க்கப் பழகுங்கள்

ஜப்பானில் மண்பாண்டத்தை ஊர்ப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். பிசென், ஷிகராக்கி, தம்பா, எச்சிசென், செத்தோ, தொக்கோநாமே ஆகிய ஆறையும் பழம்பெரும் சூளைகள் என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். 2017இல் இந்த ஆறும் சேர்ந்து ‘ஜப்பான் மரபுச் செல்வம்’ என்ற அரசுப் பட்டியலில் இடம்பெற்றன. இவை போக ஹாகி, கராட்சு, மினோ, அரிதா என்று இன்னும் பல. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று ஊர்களை நன்றாகத் தெரிந்துகொண்டால், மற்றதை அவற்றோடு ஒப்பிட்டே புரிந்துகொள்ளலாம்.

முதலாவது கராட்சு. கியூஷு தீவில் சாகா மாகாணத்தில் இருக்கிற துறைமுக ஊர். அப்போது ஜப்பானை ஆண்ட தொயோத்தோமி ஹிதேயோஷி 1592இலிருந்து 1598 வரை கொரியாமீது நடத்திய படையெடுப்புகளின்போது ஏராளமான கொரியக் குயவர்கள் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கராட்சு சூளைகள் பெருகியதில் அவர்கள் கைக்குப் பெரும் பங்கு உண்டு. மேற்கு ஜப்பானின் மண்பாண்ட வரலாற்றில் இந்தப் போரின் நிழல் எங்கும் விழுந்து கிடக்கிறது. அழகைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

குடிப்பவர்கள் மத்தியில் ஒரு சொல்வழக்கு உண்டு: தொக்குரி என்றால் பிசென், குயிநோமி என்றால் கராட்சு. முதல் கிண்ணம் எது வாங்கலாம் என்று கேட்டால் நானும் கராட்சுவைத்தான் சொல்வேன். அதிலும் ‘மதரா’ வகை. வைக்கோல் சாம்பல் கலந்த பால் வெள்ளைப் பூச்சு (சூளைச் சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படிவது) கொண்டது அது. ஒன்றைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். வெள்ளை என்று சொன்னாலும் ஒரே வெள்ளையாக இருக்காது. விளிம்பில் பூச்சு மெலிந்து, உள்ளே இருக்கும் மண்ணின் பழுப்பு கசிந்து தெரியும். கீழே இறங்க இறங்கப் பூச்சு கெட்டியாகி, அங்கங்கே மங்கலான நீலப் புள்ளிகள் மிதக்கும். அடிக்கு ஒரு விரல் அகலம் மேலே பூச்சு சட்டென்று நின்றுவிடும். அதற்குக் கீழே வெறும் மண். கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பூச்சில் முக்கி எடுத்ததன் அடையாளம் அந்தக் கோடு. சில கிண்ணங்களில் குயவரின் விரல் பிடித்த இடம் பூச்சில்லாமல் அப்படியே இருக்கும். உங்கள் விரலை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். அடிவளையத்தைச் சீவிய இடத்தில் மண் நுண்ணிய சுருக்கங்களாகக் கிழிந்து நிற்கும். கராட்சு மண் கரகரப்பானது, ஈரம் முழுதும் போவதற்குள் சீவினால் இப்படி ஆகும். இந்தச் சுருக்கத்துக்காகவே கிண்ணத்தைத் திருப்பிப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கராட்சுவில் இரும்புச் சாயத்தால் புல்லோ கொடியோ நாலே கோட்டில் வரைந்த வகையும் உண்டு. அதுவும் நல்ல தொடக்கம்தான்.

இரண்டாவது பிசென். ஒக்காயாமா மாகாணத்தில் இம்பே என்ற சிற்றூர். இங்கே பூச்சே கிடையாது. வயல்களுக்கு அடியிலிருந்து தோண்டியெடுக்கும் இரும்புச் சத்துள்ள பிசுபிசுப்பான களிமண்ணை வனைந்து, செம்பைன் விறகு போட்டு, 1,200 டிகிரிக்கு மேல், ஒரு வாரம் பத்து நாள் என்று விடாமல் எரிப்பார்கள். இரவிலும் விறகு போட ஆள் வேண்டும். நெருப்போடு பறக்கும் சாம்பல் பாண்டத்தின்மேல் படிந்து உருகி, மஞ்சள் கலந்த பழுப்பில் பொரிப் பொரியாக நிற்கும். அதை ‘கோமா’ என்பார்கள், எள் என்று அர்த்தம். இன்னொரு வகையில், வெளிறிய மண்ணின்மேல் சிவப்புக் கோடுகள் தாறுமாறாக ஓடும். யாரும் தூரிகையால் வரைந்ததல்ல. பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவில் சுற்றிய வைக்கோல், சூட்டில் மண்ணிலிருக்கும் இரும்போடு வினைபுரிந்து விட்டுப்போன தழும்பு அது. பெயர் ‘ஹிதாசுகி’.

பிசென் முதல் பார்வைக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். பளபளப்பு இல்லை, வர்ணம் இல்லை. ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: கடைக்காரரிடம் கேட்டு, கிண்ணத்தைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தபோது மந்தமாக இருந்த மேற்பரப்பில் சிவப்பும் சாம்பலும் ஊதாவும் எழும்பி வரும். நனைந்த நிலையில்தான் அதைப் பயன்படுத்தப் போகிறோம் என்பதால், அந்த நிறத்தை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது ஹாகி. யமகுச்சி மாகாணம். மோரி குலத்துப் பிரபுக்கள் கொரியாவிலிருந்து கொண்டுவந்த குயவச் சகோதரர்கள் இருவரை வைத்து 1604 வாக்கில் இங்கே சூளை தொடங்கியது என்பது மரபு வரலாறு. ஹாகி மண் மென்மையாகச் சுடப்படுவது. உள்ளே நுண்துளைகள் அதிகம். மேலே இருக்கும் பூச்சில் மயிரிழை போல வெடிப்பு வலை ஓடும். அந்த வெடிப்புகள் வழியாகச் சாக்கேயோ தேநீரோ மெல்ல உள்ளே ஊறி, வருடக்கணக்கில் கிண்ணத்தின் நிறத்தையே மாற்றிவிடும். ‘ஹாகியின் ஏழு மாற்றங்கள்’ என்று இதற்குப் பெயரே உண்டு. அடிவளையத்தில் வேண்டுமென்றே ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். பிரபுவுக்கான பாண்டத்தைச் சாமானியர்களும் வாங்க ஏதுவாக, அதை ஊனமாக்கிக் காட்டத்தான் இந்த வெட்டு என்று கடைகளில் கதை சொல்வார்கள். கதை சுவையானதுதான். ஆனால் கொரியப் பாண்டங்களிலேயே இப்படி வெட்டும் வழக்கம் இருந்தது.

மற்றவை சுருக்கமாக. கிஃபு மாகாணத்து மினோவிலிருந்து வருவன ஷினோவும் ஒரிபேவும். ஷினோ கெட்டியான வெள்ளை, குழி குழியாக, ஓரத்தில் செம்மை படர்ந்திருக்கும். ஒரிபே செம்புப் பச்சை, கோணல்மாணலான வடிவம். தேநீர்க் கலை வல்லுநர் ஃபுருதா ஒரிபேயின் (1544–1615) பெயரால் வழங்குவது. ஷிகராக்கியில் மண்ணிலுள்ள வெள்ளைக் கற்கள் மேற்பரப்பில் துருத்தி நிற்கும், சாம்பல் உருகிப் பச்சைக் கண்ணாடியாக வழியும். அரிதா முழுக்க வேறு உலகம். அது மெல்லிய வெள்ளைப் பீங்கான். மேலே நீல ஓவியம். வாசனை மிகுந்த, குளிர்ந்த சாக்கேக்கு நன்றாகப் பொருந்தும்.

கையில் எடுக்கும் முறை

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

மோதிரம், கைக்கடிகாரம், வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள். தோள்பையை முன்னால் தொங்கவிடாதீர்கள். “தெ நி தொத்தேமோ ஈ தெசு கா” என்று கேளுங்கள். கையில் எடுக்கலாமா என்று அர்த்தம். சரி என்று தலையசைப்பார்கள். பல கடைகளில் ஒரு துணி விரித்துக் கொடுப்பார்கள். கிண்ணத்தை இரண்டு கையாலும், மேசைக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் தூக்குங்கள். விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. உடம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் குனியுங்கள், கிண்ணத்தை முகத்துக்கு உயர்த்தாதீர்கள்.

முதலில் எடை. கண் எதிர்பார்த்த எடையும் கை உணர்கிற எடையும் ஒத்துப்போகிறதா? பார்வைக்குப் பருமனாக இருந்து தூக்கினால் லேசாக இருப்பது, கிண்ணத்தின் உடம்பு முழுக்க மண்ணைச் சீராக இழுத்த கையைக் காட்டுகிறது. அடி மட்டும் கனத்துத் தொங்கினால், வனைந்தவர் சீவுவதில் சோம்பல் பட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். சில குயவர்கள் வேண்டுமென்றே அடியில் கனம் விடுவார்கள், சட்டென்று கவிழாமலிருக்க. அப்படிப்பட்ட கிண்ணம் மேசையில் வைக்கும்போது தானாகவே அழுத்தமாக உட்காரும்.

அடுத்தது கையில் உட்காரும் இடம். கட்டைவிரலும் நடுவிரலும் எங்கே போய் நிற்கின்றன? நல்ல குயிநோமியில் விரலுக்கென்று ஒரு பள்ளம், ஒரு மேடு, சக்கரச் சுற்றின் ஒரு வரி ஏதாவது இருக்கும். கிண்ணத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு பக்கம் வந்ததும் கை தானாக நின்றுவிடும். அந்தப் பக்கம்தான் உங்களுக்கு முன்பக்கம். குயவர் நினைத்த முன்பக்கம் வேறாக இருக்கலாம், பரவாயில்லை.

மூன்றாவது வாய்விளிம்பு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். உதடு படப்போகும் இடம் இது. கடையில் உதட்டை வைத்துப் பார்க்க முடியாது, விரல்தான் துணை. மெல்லிய விளிம்பில் சாக்கே கூர்மையாக நாக்கில் இறங்கும். தடித்து உருண்ட விளிம்பில் அதே சாக்கே மந்தமாக, சாந்தமாகப் படும். வெளியே விரிந்த வாய் வாசனையைப் பரத்தும், உள்ளே குவிந்த வாய் அதைக் கூட்டி மூக்குக்குக் கொடுக்கும். மேலும் கீழுமாக அலைகிற விளிம்பு அழகுதான். ஆனால் அதில் குடிப்பதற்கென்று இரண்டு இடங்களாவது வசதியாக இருக்க வேண்டும். பார்க்க மட்டும் கோணலாகச் செய்து, எங்கே வாய் வைத்தாலும் தாடையில் வழிகிற கிண்ணங்கள் சந்தையில் நிறையவே உண்டு. அவற்றை அலமாரிக்கே விட்டுவிடுங்கள்.

உள்ளே பாருங்கள். குடிக்கிறவர் கண் அதிக நேரம் பார்க்கப்போவது வெளிப்பக்கத்தை அல்ல, உட்பக்க அடியைத்தான். அங்கே பூச்சு குளம்போலத் தேங்கியிருக்கிறதா, சக்கரத்தின் சுருள் முடிந்த புள்ளி தெரிகிறதா, சூளையில் அடுக்கியபோது வைத்த மண் உருண்டைகளின் மூன்று நான்கு தழும்புகள் இருக்கின்றனவா? வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்த்துப் பிடியுங்கள்.

கடைசியாகத் திருப்புங்கள். அடிவளையத்தை ‘கோடாய்’ என்பார்கள். சேகரிப்பாளர்கள் நேரே இங்கேதான் வருவார்கள். இந்த இடத்தில் ஒளிக்க எதுவும் இல்லை. பூச்சில்லாத மண், அதைச் சீவிய கருவியின் தடம், நூலால் அறுத்த சுழி, குயவரின் முத்திரை எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். சிறு கிண்ணங்களைப் பெரும்பாலும் சக்கரத்தில் பெரிய மண் குன்று ஒன்றை வைத்து, அதன் உச்சியில் ஒவ்வொன்றாக வனைந்து நூலால் அறுத்தெடுப்பார்கள். பிறகு கொஞ்சம் காய்ந்ததும் கவிழ்த்து வைத்து அடியைச் சீவுவார்கள். தயங்காமல் இரண்டு மூன்று வெட்டில் முடித்த அடிக்கும், திரும்பத் திரும்பத் திருத்தித் தேய்த்த அடிக்கும் வித்தியாசம் பத்துப் பதினைந்து கிண்ணங்களைத் திருப்பிப் பார்த்ததும் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். நன்றாக எழுதத் தெரிந்தவரின் கையெழுத்துப் போல அது.

இயந்திரத்தில் செய்ததும் இங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். அச்சில் வார்த்ததில் அடியும் உடம்பும் ஒரே வழவழப்பு, பக்கவாட்டில் சில நேரம் அச்சின் மெல்லிய தையல்கோடு. ஓவியம் என்று நினைத்தது ஒட்டுப் படமாக இருந்தால், உற்றுப் பார்க்கையில் தூரிகையின் அழுத்தம் கூடிக்குறையாமல் ஒரே சீராக இருக்கும். பக்கத்திலிருக்கும் கிண்ணத்தில் அதே கோடு அதே இடத்தில் அதே வளைவில் இருக்கும்.

குறை எது, குணம் எது

புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறும் இடம் இது. பூச்சில் ஓடும் வெடிப்பு வலை குறையல்ல. அது பூச்சு மட்டும் வெடித்தது. ஆனால் விளிம்பிலிருந்து தனியாக ஒரு கோடு கீழே இறங்கி, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிந்தால் அது மண்ணே விட்டுப்போன விரிசல், வாங்க வேண்டாம். மண்ணிலிருந்த கல் சூட்டில் வெடித்து வெளியே எட்டிப் பார்ப்பது ஷிகராக்கியிலும் கராட்சுவிலும் ரசிக்கப்படும் விஷயம். அது உதடு படும் இடத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். சூளையிலேயே விழுந்த பிளவை ‘மலைக் காயம்’ என்று தனிப்பெயர் சொல்லி ஏற்றுக்கொள்வார்கள். கடைக்கு வந்தபின் இடித்து விழுந்த சில்லு வேறு கணக்கு. அதற்கு விலை குறைய வேண்டும்.

நகத்தால் சுண்டிப் பார்க்கும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு. பீங்கானுக்கும் பிசெனுக்கும் அது சரிவரும். நல்லது கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது சொத்தென்று ஒலிக்கும். ஹாகியில் இதை நம்பாதீர்கள். மென்மையாகச் சுட்டதால் நல்ல ஹாகியும் மந்தமாகத்தான் ஒலிக்கும். எப்படியானாலும் கடையில் சுண்டுவதற்குமுன் கேட்டுக்கொள்வது மரியாதை.

உள்ளே பல வண்ணச் சாயம் தீட்டிய பழங்காலக் கிண்ணமானால் அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாயங்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு.

எங்கே வாங்குவது, எவ்வளவு கொடுப்பது

முடிந்தால் சூளை இருக்கும் ஊருக்கே போங்கள். முதல் பயணத்துக்கு இம்பே வசதியானது. ஒக்காயாமாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலையத்தை ஒட்டியே பிசென் பாண்டங்களுக்கான கூடம் இருக்கிறது. பல குயவர்களின் வேலையை ஒரே இடத்தில் பார்த்து, யாருடையது பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு செங்கல் புகைபோக்கிகளைப் பார்த்தபடி நடந்தே அவர்கள் கடைகளுக்குப் போகலாம். அரிதாவில் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை பெரிய பீங்கான் சந்தை. தோக்கியோவிலிருந்து போகக்கூடிய மாஷிக்கோவில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சந்தை கூடும். இளம் குயவர்கள் கூடாரம் போட்டு நேரடியாக விற்பார்கள். கிண்ணம் செய்தவரிடமே “இது எந்த மண், எந்த விறகு” என்று கேட்டு வாங்கலாம்.

ஊர் ஊராகப் போக நேரமில்லாதவர்களுக்குப் பெருநகரங்களின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் உண்டு. அவற்றின் மேல்மாடிகளில் குயவர்களின் தனிக் கண்காட்சிகள் மாறி மாறி நடக்கும். கட்டணம் கிடையாது, வாங்காமல் வந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பழைய கிண்ணம் வேண்டுமென்றால் கியோத்தோவில் தோஜி கோயில் சந்தை, மாதம்தோறும் 21ஆம் தேதி. அங்கே பேரம் உண்டு, போலியும் உண்டு. வாங்குவதற்குமுன் கண்ணைப் பழக்க வேண்டுமானால் தோக்கியோவில் 1936இல் யனாகி சொயெட்சு நிறுவிய நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவழியுங்கள்.

ஒரு அளவுக்குமேல் விலை பெயருக்குத்தான் ஏறுகிறது. இளம் குயவரின் நல்ல குயிநோமி 3,000 முதல் 8,000 யென்னுக்குள் கிடைத்துவிடும். பெயர் எடுத்தவர்கள் என்றால் சில பத்தாயிரங்கள். ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அரசு அறிவித்த கலைஞர்களின் கிண்ணம் லட்சங்களில் போகும். பிசெனில் இந்தத் தகுதியை முதலில் பெற்றவர் கனேஷிகே தோயோ, 1956இல். முதல் கிண்ணத்துக்கு 10,000 யென்னுக்கு மேல் போக வேண்டாம் என்பேன். ஐந்து கிண்ணம் கொண்ட செட்டும் வேண்டாம். ஒன்றே ஒன்றை எடுத்துத் தினமும் பயன்படுத்தினால்தான் அடுத்தது எப்படி இருக்க வேண்டும் என்று தெரியவரும்.

விலை கூடிய கிண்ணங்கள் ‘தொமோபாகோ’ என்ற மரப்பெட்டியோடு வரும். கிரி என்ற லேசான மரத்தில் செய்து, மூடியில் குயவரே மையால் பெயரெழுதி முத்திரை வைத்திருப்பார். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னாளில் விற்க நேர்ந்தால் பெட்டியில்லாத கிண்ணத்துக்குப் பாதி மதிப்புகூடக் கிடைப்பது கஷ்டம். ஊருக்குக் கொண்டுவரும்போது கிண்ணத்தைக் கைப்பெட்டியில் வையுங்கள். உள்ளேயும் காகிதத்தைச் சுருட்டி அடைத்து, வெளியே சட்டையில் சுற்றினால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் முன்பே கையைப் பழக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்குப் புதுச்சேரி இருக்கிறது. ஜப்பானில் பாண்டம் வனையப் பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற பலர் புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்தில் சொந்தச் சூளை வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கிண்ணங்களையும் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், அதே கண்ணால்.

வீட்டுக்கு வந்தபின்

முதலில் அடிவளையத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மேசையைக் கீறிவிடும். நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அடியை மட்டும் லேசாகத் தேயுங்கள்.

நுண்துளை அதிகமுள்ள ஹாகி, கராட்சு, ஷினோ கிண்ணங்களை அரிசி களைந்த தண்ணீரில் போட்டு, மெல்லிய தீயில் கால் மணி நேரம் காய்ச்சி, அதிலேயே ஆறவிடுங்கள். மாச்சத்து துளைகளில் ஓரளவு அடைந்துகொள்ளும். பீங்கானுக்கும் பிசெனுக்கும் இது தேவையில்லை. புதிய ஹாகியில் தொடக்கத்தில் ஈரம் கசிந்து மேசையில் வட்டம் விழுந்தால் பதற வேண்டாம். பழகப் பழக அடைபடும். பிறகும் ஒழுகினால் வாங்கிய இடத்தில் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறை பயன்படுத்தும் முன்பும் கிண்ணத்தை ஒரு நிமிடம் தண்ணீரில் வைத்து எடுத்துத் துடையுங்கள். மண் முதலில் தண்ணீரைக் குடித்துவிட்டால் மற்றது உள்ளே இறங்காது, கறையும் வாடையும் குறையும். குடித்ததும் வெறும் வெந்நீரில் கழுவினால் போதும். டிஷ்வாஷர், மைக்ரோவேவ் இரண்டும் ஆகாது. வாசனைச் சோப்பை ஹாகி பக்கம் கொண்டுபோகாதீர்கள், அடுத்த பத்து முறை சோப்பு வாடைதான் வரும்.

சென்னை, கொழும்பு போன்ற புழுக்கமான ஊர்களில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது பூஞ்சை. கழுவியதும் நேரே மரப்பெட்டியில் போட்டு மூடினால் பத்தே நாளில் அடியில் கரும்புள்ளி வந்துவிடும். கவிழ்க்காமல் பக்கவாட்டில் சாய்த்து, இரண்டு மூன்று நாள் காற்றாட வைத்துவிட்டுப் பிறகு எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள் வைக்காமலிருப்பதே நல்லது.

ஊற்றுவதும் குடிப்பதும்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தில் தன் கிண்ணத்துக்குத் தானே ஊற்றிக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் ஊற்றுங்கள், அவர் உங்களுக்கு ஊற்றுவார். தொக்குரியை இரண்டு கையால் பிடிக்க வேண்டும். உங்களுக்கு ஊற்றும்போது கிண்ணத்தைக் கையில் எடுத்து, மறு கையை அடியில் கொடுங்கள். விளிம்புவரை நிரப்பாமல் முக்கால் அளவோடு நிறுத்தினால் வாசனைக்கு இடம் இருக்கும்.

சூடாக்குவதென்றால் தொக்குரியை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி வையுங்கள். 40 டிகிரி என்பது இளஞ்சூடு, 50 என்பது நல்ல சூடு. இதற்குமேல் போனால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும். சூடான சாக்கேக்குத் தடித்த மண் கிண்ணம் பொருத்தம், சூடு கையை எட்ட நேரமெடுக்கும். பூவாசனையும் பழவாசனையும் உள்ள ரகங்களை 10 டிகிரி வாக்கில் குளிர வைத்து மெல்லிய பீங்கானில் ஊற்றுங்கள். பிசெனில் ஊற்றினால் சாக்கேயே மிருதுவாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே பாட்டிலை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். விளிம்பின் தடிமனால் வரும் மாற்றம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, மண்ணால் வரும் மாற்றம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

உடைந்தால்

சில்லு பெயர்ந்தாலும் இரண்டாகப் பிளந்தாலும் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். உருஷி என்ற மரத்தின் பாலால் ஒட்டி, இணைப்பின்மேல் தங்கப்பொடி தூவும் கின்ட்சுகி முறையை ஜப்பானில் தொழிலாகச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். உருஷி காய வறண்ட காற்று உதவாது, ஈரக் காற்றும் வெதுவெதுப்பும் வேண்டும். ஒவ்வொரு பூச்சும் இறுகக் காத்திருக்க வேண்டியிருப்பதால் வேலை முடிய ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். கூலி பல நேரம் கிண்ணத்தின் விலையைத் தாண்டிவிடும். 5,000 யென் கிண்ணத்துக்கு இது தேவையா என்பது உங்கள் மனசைப் பொறுத்தது.

வீட்டிலேயே செய்ய விற்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் எபாக்சி பசையும் தங்க நிறப் பொடியும்தான். ஒரு நாளில் வேலை முடிந்துவிடும், ஆனால் அதில் குடிக்கக் கூடாது. அசல் உருஷி உள்ள பெட்டி வாங்கினால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது நம் சேராங்கொட்டைக் குடும்பத்து மரம். பால் தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் நாள்கணக்கில் நிற்கும். மாம்பால் பட்டாலே தோல் தடிக்கிறவர்கள் அந்தப் பக்கமே போகாமல், வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.